தோல் மண்டியிலிருந்து பாராளுமன்றம் வரை
காயிதே மில்லத் அவர்களின் பொதுவாழ்வு தரும் படிப்பினை



சென்ற மாதம் நம் படிப்பு வட்டம் வழக்கம்போல் இஷாத் தொழுகைக்குப் பின், புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் கூடியது. தேநீர் வந்தது, வியாபாரப் பேச்சு வந்தது, பிறகு எப்படியோ ஊர் அரசியல் வந்தது. பெரியவர் ஒருவர் "கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்" என்று தொடங்கியதும், இங்கேயே பிறந்து வளர்ந்த வாலிபர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்டார்:

"மாமா, எனக்கு இரண்டு சந்தேகங்கள். பாகிஸ்தான் வேண்டும் என்று கேட்ட கட்சிக்கு அவர் மாகாணத் தலைவர். பாகிஸ்தான் கிடைத்த பிறகு அவர் ஏன் அங்கே போகவில்லை? போகாதவர், அந்தக் கட்சியையாவது ஏன் கலைக்கவில்லை?"

கூட்டத்தில் சற்று மௌனம். பெரியவர், "நல்ல கேள்வி தம்பி. இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் அது பதிலாக இருக்காது" என்றார். அந்தப் பதிலைத் தேடுவதே இம்மாதப் பாடம். புகழ்மாலை தொடுப்பது நம் நோக்கமன்று. ஒரு வணிகர் பொதுவாழ்வில் எப்படி நடந்துகொண்டார், எங்கே வென்றார், எங்கே தோற்றார் என்பதைப் பேரேடு புரட்டுவதுபோல் பற்று, வரவு இரண்டையும் பார்த்து எடைபோடுவோம்.

வணிகர் இஸ்மாயில் சாஹிப்

முஹம்மது இஸ்மாயில் சாஹிப் 1896-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். நம்மில் பலருடைய பூர்வீகமான கடையநல்லூரும் தென்காசியும் அன்று அதே திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவைதாம். தந்தையார் மியாகான் ராவுத்தர் வணிகரும் மார்க்கக் கல்வி பெற்றவருமாவார். அவர் மகனின் இளமையிலேயே காலமானதால், பிள்ளைக்கு அரபியும் குர்ஆனும் கற்பித்து ஆளாக்கிய பொறுப்பு தாயாருடையதாயிற்று. திருநெல்வேலியிலும், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும், சென்னையிலும் படித்தார். 1920-இல் ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் கிளர்ச்சியும் நாட்டை உலுக்கிய வேளையில், பி.ஏ. பரீட்சையை எழுதாமலேயே படிப்பைத் துறந்தார். பட்டம் பெற்றால் சர்க்கார் உத்தியோகம் நிச்சயம் என்றிருந்த காலத்தில் செய்த காரியம் இது என்பதை மறக்கலாகாது.

பின்னர் பிழைப்புக்கு அவர் நாடியது தோல் வியாபாரம். சென்னையில் ஜமால் முஹம்மது சாஹிபின் நிறுவனத்தில் தொழில் பழகித் தேர்ந்தார். ஜமால் முஹம்மது சாஹிப் சாதாரண வணிகரல்லர். 1931-இல் லண்டனில் கூடிய வட்டமேஜை மாநாட்டுக்கு இந்திய வணிகர்களின் சார்பில் சென்றவர்களில் ஒருவர்.

அன்றைய தோல் வியாபாரம் எப்படிப்பட்டது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை முதலிய ஊர்களில் ஆவாரம் பட்டையைக் கொண்டு தோல் பதனிடப்படும். சென்னைப் பெரியமேட்டு மண்டிகளில் அது தரம் பிரிக்கப்படும். பிறகு கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போகும். மாட்டுத் தோலைக் கொடுப்பவர் ஒரு சமூகத்தார். பதனிடும் குழியில் நின்று உழைப்பவர் மற்றொரு சமூகத்தார். மண்டி வைத்திருப்பவர் முஸ்லிம். கடைசியில் வாங்குபவர் வெள்ளைக்காரர். இவர்களில் ஒருவர் நம்பிக்கை கெட்டாலும் சரக்கு தேங்கிவிடும். தன் சமூகத்தை மட்டும் நம்பி நடத்த முடியாத தொழில் அது. இஸ்மாயில் சாஹிபின் பிற்கால அரசியலை விளங்கிக்கொள்ள இந்தத் தொழிற்கூடம் நமக்குப் பெரிதும் உதவும்.

மாகாணத் தலைவர்

அக்காலத்துச் சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிட மிகப் பெரியது. ஆந்திரத்தின் கரையோரமும் ராயலசீமையும், மலபாரும், தென் கன்னடமும் அதனுள் அடக்கம். முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அவர்களிலும் தமிழ் பேசுவோர், மலையாளம் பேசுவோர், உருது பேசுவோர், தெலுங்கு பேசுவோர் எனப் பலர். இவர்களையெல்லாம் ஒரே கட்சியில் இருத்தி வைப்பது எளிதன்று.

1946-இல் மாகாணச் சட்டசபைத் தேர்தல் நடந்தது. அன்று தனித்தொகுதி முறை அமலில் இருந்தது. அதாவது, முஸ்லிம் தொகுதியில் முஸ்லிமே நிற்பார்; முஸ்லிம்களே வாக்களிப்பர். 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது. வாக்குரிமையும் சொத்து, வரி, படிப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே. அத்தேர்தலில் முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பெற்று, 215 பேர் கொண்ட சபையில் காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சியாயிற்று. இஸ்மாயில் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இங்கேதான் நம் வாலிபரின் முதல் கேள்வி பிறக்கிறது. லீக் அத்தேர்தலில் பாகிஸ்தான் கோரிக்கையை முன்வைத்தே நின்றது. ஆனால் எந்தப் பாகிஸ்தான் அமைந்தாலும் பேட்டையும் வாணியம்பாடியும் கீழக்கரையும் அதில் சேரப்போவதில்லை என்பது வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் தெரியும். தென்னாட்டு முஸ்லிம்கள் தங்களுக்குப் பலன் தராத ஒன்றுக்கு வாக்களித்தார்கள். பின்னால் அதன் பழியை மட்டும் அவர்களே சுமந்தார்கள். மாகாணத் தலைமைக்கு இதில் பொறுப்பு உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஒரு வியாபாரத்தில் லாபம் வேறிடத்துக்குப் போய், நஷ்டம் மட்டும் நம் கணக்கில் எழுதப்பட்டால் எப்படியிருக்குமோ அந்நிலைதான் 1947-இல் அவர்களுக்கு நேர்ந்தது.

பாகப்பிரிவினைக்குப் பின்

1947 டிசம்பர் மத்தியில் கராச்சியில் அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில் கூடியது. இரு நாடுகளுக்கும் இரு வேறு அமைப்புகள் என்று அங்கே முடிவாயிற்று. இந்தியப் பகுதியைக் கூட்டும் பொறுப்பு இஸ்மாயில் சாஹிபிடம் ஒப்படைக்கப்பட்டது. கராச்சிவரை சென்றவர், அங்கேயே தங்கிவிடவில்லை. திரும்பி வந்தார்.

ஏன் திரும்பினார் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வே விடை. கடையை மூடிக்கொண்டு கப்பலேற வசதி உள்ளவன் ஏறலாம். ஆனால் அவனை நம்பிக் கட்சியில் சேர்ந்த லட்சக்கணக்கான ஏழை எளியவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுடைய பள்ளிவாசல் இங்கே, கபர்ஸ்தான் இங்கே, நிலம், மொழி, அண்டை அயலார் எல்லாம் இங்கே. தலைவன் என்பவன் அவர்களோடு இருக்கக் கடமைப்பட்டவன்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. அம்மாதக் கடைசியிலேயே லக்னோவில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் கூட்டிய மாநாட்டில், முஸ்லிம்கள் தனிக்கட்சி அரசியலைக் கைவிடவேண்டும் என்ற அறிவுரை கூறப்பட்டது. பல மாகாணங்களில் லீக் கலைந்தது. மௌலானாவின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. "இந்தப் பெயரே சந்தேகத்தைக் கிளப்புகிறது, இதைச் சுமந்துகொண்டு அமைதியாக வாழ முடியுமா?" என்பதே அதன் சாரம். நாடெங்கும் இரத்தம் சிந்தப்பட்டு, அகதிகள் லட்சோபலட்சமாக அலைந்த காலம் அது. 1948 ஜனவரியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்ட அதிர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

இத்தகைய வேளையில், 1948 மார்ச் 10-ஆம் தேதி சென்னை ராஜாஜி மண்டபத்தில் கவுன்சில் கூடியது. கலைத்துவிடலாம் என்று வாதிட்டவர்களும் அங்கே இருந்தார்கள். முடிவில் கட்சியைத் தொடர்வதென்று தீர்மானமாயிற்று. இஸ்மாயில் சாஹிப் தலைவரானார். இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் பிறப்பு அதுதான். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 3-ஆம் தேதி டில்லியில் அரசியல் நிர்ணய சபை, சட்டமியற்றும் சபையாகக் கூடி, வகுப்புவாரி அமைப்புகள் அரசியலில் ஈடுபட இடந்தரக்கூடாது என்ற கருத்துள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே செப்டம்பரில் ஹைதராபாத் நடவடிக்கை வந்தபோது, லீக் என்ற பெயரைக் கேட்டாலே ஐயத்தோடு பார்க்கும் நிலை மேலும் வலுத்தது.

இந்நிலையில் கட்சியைத் தொடர அவர் பக்கம் இருந்த நியாயம் என்ன? சிறுபான்மையினர் தங்கள் குறையை எடுத்துச் சொல்ல, சட்டத்துக்கு உட்பட்ட, பகிரங்கமான ஓர் இடம் வேண்டும். அந்த இடம் அடைபட்டால் குறை மறைந்துவிடாது; மூலைக்குப் போய்ப் புழுங்கும். பழைய கட்சியின் பெயர் இருந்தது. ஆனால் பழைய கோரிக்கை போய்விட்டது. நாட்டுப் பற்று, சட்டத்துக்கு அடங்கி நடத்தல், சமயக் கலாசார உரிமைகளைக் காத்தல் என்பவையே புதிய அஸ்திவாரம். 1951-இல் கட்சியின் புதிய சட்டதிட்டமும் ஏற்கப்பட்டது.

சபையில் தோற்ற திருத்தங்கள்

1948 முதல் அவர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். அங்கே அவர் கொண்டுவந்த திருத்தங்களை எண்ணிப் பார்த்தால், முக்கியமானவை தோல்வியிலேயே முடிந்தன.

1948 நவம்பர் 23-இல், நாடு முழுவதற்கும் ஒரே சிவில் சட்டம் என்ற ஷரத்து விவாதத்துக்கு வந்தது. தனக்கென உள்ள தனிச்சட்டத்தைக் கைவிடும்படி எந்தச் சமூகத்தையும் கட்டாயப்படுத்தலாகாது என்ற வாசகத்தை அதில் சேர்க்க வேண்டுமென்று இஸ்மாயில் சாஹிப் திருத்தம் கொடுத்தார். முஸ்லிம் என்று மட்டும் குறிப்பிடாமல், எந்தச் சமூகத்தையும் என்று பொதுவாகவே அவர் கேட்டதை நாம் கவனிக்க வேண்டும். திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆயினும் டாக்டர் அம்பேத்கர் பதிலளிக்கையில், அத்தகைய சட்டம் வந்தாலும் தொடக்கத்தில் அதற்கு உட்பட விரும்பி அறிவிப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்துமாறு எதிர்காலப் பாராளுமன்றம் செய்யக்கூடும் என்று கூறினார். அந்த ஷரத்து இன்று 44-ஆவது பிரிவாக, வழிகாட்டும் கோட்பாடுகளில் நிற்கிறது. 2024-இல் உத்தராகண்ட் ராஜ்யம் பொதுச் சிவில் சட்டம் இயற்றி, 2025 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தது. அவர் அன்று எழுப்பிய வினா இன்னும் ஓயவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

1949 மே மாதத்தில் சிறுபான்மையோருக்கான ஒதுக்கீட்டை நீக்கும் யோசனை வந்தபோது, தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டுமென்று அவர் வாதாடினார். அதிலும் தோல்வி. அவரை எதிர்த்துப் பேசியவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். ஐக்கிய மாகாணத்து பேகம் ஐஜாஸ் ரசூல் அம்மையார், ஒதுக்கீடு சிறுபான்மையைப் பெரும்பான்மையிடமிருந்து என்றென்றைக்கும் பிரித்து வைத்துத் தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும் ஆயுதமாகும் என்ற கருத்தை எடுத்துரைத்தார். இதில் யார் சொன்னது சரி என்று இன்றும் அறிஞர்கள் இரு பக்கமாக நிற்கிறார்கள்.

அவ்வாண்டு செப்டம்பர் மொழி விவாதத்தில் அவர் ஆற்றிய உரையும் தமிழர் மறக்கக்கூடாத ஒன்று. ஒரு மொழிக்கு உரிமை கோரப் பழமையே அளவுகோல் என்றால், இம்மண்ணில் பேசப்படும் மொழிகளில் தமிழும் அதன் இன மொழிகளுமே முந்தியவை என்று டில்லி சபையில் எடுத்துக் காட்டினார். மார்க்கத்துக்காக வாதாடிய அதே நாவுதான் தாய்மொழிக்காகவும் வாதாடியது.

தோல்விக்கு மேல் தோல்வி. ஆயினும் ஒருமுறையேனும் சபையை விட்டு மனமுடைந்து விலகியவரல்லர். வாக்கெடுப்பில் தோற்றபின் நிறைவேறிய அரசியல் சட்டத்தை ஏற்று, அதன் கீழேயே தேர்தலில் நின்றார். இதுவே அவருடைய அரசியலின் முதுகெலும்பு.

அயலார் வாக்கு

புதிய சட்டத்தின்படி 1952-இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது, தனித்தொகுதி போயிற்று. இனி முஸ்லிம் வாக்கு மட்டும் போதாது. அண்டைவீட்டு ஹிந்துவும் கிறிஸ்தவரும் வாக்களித்தால்தான் வெற்றி. சட்டத்தில் எதை எதிர்த்து அவர் வாதாடினாரோ, அந்த நிலையிலேயே கட்சியை நடத்திக் காட்ட வேண்டியதாயிற்று.

1952 முதல் 1958 வரை ராஜ்யசபை உறுப்பினராக இருந்தார். 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது, கட்சிக்கு நல்ல பலமுள்ள மலபார் கேரளத்துக்குப் போய்விட்டது. சென்னையிலோ கட்சி மெலிந்தது. ஆனால் மலபாரின் மஞ்சேரித் தொகுதி இந்தத் தமிழரை 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் லோக்சபைக்கு அனுப்பியது. மொழி வேறாயினும் மனிதர் நம்பத்தக்கவர் என்று அம்மக்கள் கண்டுகொண்டார்கள்.

கூட்டணி என்ற கலையைக் கட்சி கற்றதும் இக்காலத்தில்தான். கேரளத்தில் 1960-இல் காங்கிரஸுடனும் பிரஜா சோஷலிஸ்டுகளுடனும் சேர்ந்து நின்று வென்றது. வென்றபின் மந்திரிசபையில் இடம் கிடைக்கவில்லை. சபாநாயகர் பதவி கே.எம். சீதி சாஹிபுக்குக் கிடைத்தது. 1967-இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைத்த மந்திரிசபையில் லீக் இடம்பெற்று, சி.எச். முஹம்மது கோயா கல்வி மந்திரியானார். அதே கோயா 1979-இல் சிறிது காலம் கேரளத்தின் முதல்வராகவும் இருந்தார். தமிழ்நாட்டில் 1967-இல் அறிஞர் அண்ணாவின் தி.மு.க.வுடனும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியுடனும் லீக் ஓரணியில் நின்றது; அண்ணா முதல்வரானார்.

"நேற்று காங்கிரஸ், இன்று கம்யூனிஸ்டு, இது என்ன கொள்கை?" என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு. அக்கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. சிறு முதல் வைத்திருப்பவன் கூட்டு வியாபாரம் செய்துதான் ஆகவேண்டும். ஆனால் பங்காளியை மாற்றிக்கொண்டே போனால் சந்தையில் நாணயம் குறையும். இஸ்மாயில் சாஹிபின் காலத்தில் அந்த நாணயம் குறையாததற்குக் காரணம், அவருடைய சொந்த வாழ்க்கையின் எளிமையும் கை சுத்தமும்தான் என்பது எதிர்க்கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்ட விஷயம்.

1972 ஏப்ரல் 5-ஆம் தேதி சென்னையில், தம் 75-ஆவது வயதில் அவர் காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார். அவருக்குப்பின் கட்சித் தலைமையை ஏற்ற பாபகி தங்களும் கோழிக்கோட்டு வணிகரே என்பது குறிப்பிடத்தக்கது. சென்னை அண்ணா சாலையில் 1974-இல் தொடங்கிய அரசினர் மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1991-இல் பிறந்த நாகப்பட்டினம் மாவட்டமும் சில ஆண்டுகள் அவர் பெயரோடு விளங்கியது. மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயரை வைக்கும் வழக்கம் கைவிடப்பட்டபோது அதுவும் நீங்கியது. மக்கள் நாவில் அந்தப் பெயர் நீங்கவில்லை.

நம் சிங்கப்பூரில்

இனி நம் வாசலுக்கு வருவோம். நாம் வேறொரு நாட்டின் பிரஜைகள். வேறொரு சட்டத்தின் கீழ் வாழ்கிறோம். ஊர்க் கட்சி அரசியலை இங்கே கொண்டுவருவது நமக்கு அழகுமன்று, தேவையுமன்று. ஆனால் அவர் டில்லியில் எழுப்பிய இரண்டு வினாக்கள் இங்கும் எழுந்தன. வேறு விதமாக விடையும் கண்டன.

முதலாவது, தனிச்சட்டம். இங்கே ஷரீஅத் நீதிமன்றம் 1958-இல் அமைந்தது. முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டு, 1968-இல் முயிஸ் எனும் இஸ்லாமிய சமய மன்றம் தோன்றியது. நம் பிள்ளைகளின் நிக்காஹ்வும், நம் பாகப்பிரிவினையும் அதன்படி நடக்கின்றன. கேட்டவர் தோற்றுப்போன ஒன்றை நாம் கேளாமலே அனுபவிக்கிறோம். அதன் அருமை நமக்குத் தெரிய வேண்டாமா?

இரண்டாவது, பிரதிநிதித்துவம். 1988-இல் இங்கே குழுத்தொகுதி முறை வந்தது. சிறுபான்மை வேட்பாளர் அணியில் கட்டாயம் இருப்பார்; ஆனால் தொகுதி மக்கள் எல்லாருமே வாக்களிப்பர். இடமும் உறுதி, அயலார் ஆதரவும் தேவை என்ற நடுவழி அது. இஸ்மாயில் சாஹிபின் கவலைக்கும் பேகம் ரசூல் அம்மையாரின் கவலைக்கும் ஒருங்கே பதில் தேடும் முயற்சி என்று அதைச் சொல்லலாம். அது பூரணமானதா என்பது பற்றி இங்கும் பல அபிப்பிராயங்கள் உண்டு.

பத்தாம் கல் என்று பெயர் பெற்றிருந்த இந்தப் புக்கிட் பாஞ்சாங் கம்பமாக இருந்த நாளைக் கண்டவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இன்று ஒரே மாடியில் சீனர், மலாய்க்காரர், தமிழர் கதவுக்குக் கதவு வாழ்கிறோம். தேக்காவில் கடை வைத்தாலும், இங்கே வைத்தாலும், நம் கல்லாவில் விழும் வெள்ளி பெரும்பாலும் அயலார் தருவதே. சமூகத்தின் நன்மதிப்பும் அவ்வாறே.

பெரியவர் சொன்ன பதில்

அன்றிரவு வாலிபரின் கேள்விக்குப் பெரியவர் கடைசியில் இப்படிச் சொன்னார்: "தம்பி, அவர் கேட்டதெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். பாகிஸ்தான் விஷயத்தில் என் அத்தாவே அவரோடு மாறுபட்டவர். ஆனால் எல்லாரும் கடையை மூடிய தெருவில் ஒருவர் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, பழைய கடனுக்கும் பதில் சொன்னார். புதிய சட்டத்துக்கும் கட்டுப்பட்டார். அதனால்தான் அவர் பெயரைச் சொல்கிறோம்."

வாலிபர் முழுவதும் ஒப்பவில்லை. "கலைத்திருந்தால் சந்தேகம் குறைந்திருக்குமே" என்றார். குறைந்திருக்கலாம்; குறையாமலும் இருந்திருக்கலாம். கலைத்தவர்கள் மீதும் சந்தேகம் இருக்கத்தான் செய்தது என்பதை மட்டும் வரலாறு காட்டுகிறது.

அடுத்த அமர்வுக்குமுன் சகோதரர்கள் கீழ்க்கண்டவற்றைச் சிந்தித்து வரக் கோருகிறோம்:

1. ஒரு தலைவர் தம் மக்களுக்குப் பலன் தராத கோரிக்கையை ஆதரித்துவிட்டால், பின்னர் அவருடைய கடமை என்ன?

2. வாக்கெடுப்பில் தோற்றபின் சட்டத்தை ஏற்று நடப்பது பலவீனமா, பலமா?

3. நம் கடையிலும், நம் மாடியிலும், பிற சமூகத்தாரின் நம்பிக்கையைப் பெற நாம் இவ்வாண்டு செய்த காரியம் ஒன்றையேனும் சொல்ல முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வந்தால் நலம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கேள்வி கேட்பவர்கள் அவர்கள்தாம்.

வஸ்ஸலாம்.